சைலன்சர் வேலை முடிந்ததும் எரிகிற என்ஜின் லைட்: குட்டியானைக்காரர்கள் கேட்கிற கேள்விகள்

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு வயரிங் கடை. களக்காட்டு வாழைத்தார், உவரி மீன், அம்பாசமுத்திரம் நெல் என்று ஏற்றுகிற குட்டியானைகளும் மற்ற சின்ன லோடு வண்டிகளும்தான் அதிகம் வரும். ஓட்டை விழுந்தோ, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்டுவதற்காகவோ சைலன்சரில் கை வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று நாளில் டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும். ஸ்கேனர் போட்டால் ஆக்சிஜன் சென்சார் கோடு, அதாவது கோளாறைச் சொல்கிற எண். உடனே எனக்கு போன்.

ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் பெட்ரோல், கேஸ் வண்டிகளைப் பற்றியது. டீசலுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

"லைட் எரியுது அண்ணாச்சி. லோடை இறக்கிட்டு வரலாமா, இங்கனயே நிறுத்தணுமா?"

விடாமல் எரிந்தால் லோடை இறக்கிவிட்டு வரலாம். வண்டி இழுக்காமல் இருக்கலாம், பெட்ரோல் அதிகம் குடிக்கலாம், ஆனால் அன்றைக்கே நடுரோட்டில் நிற்காது. லைட் விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. என்ஜின் மிஸ் ஆகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிற பீங்கான் உருகிவிடும். அதன் விலை உங்களுக்கே தெரியும். ஓரங்கட்டிவிட்டு கூப்பிடுங்கள்.

"இந்த சென்சார் அப்படி என்னதான் பார்க்குது? ரெண்டு எதுக்கு?"

புகையில் மிச்சம் இருக்கிற ஆக்சிஜனைப் பார்க்கிறது. சென்சாரின் முனைக்குள் விரலுறை மாதிரி ஒரு சிர்கோனியா பீங்கான் இருக்கிறது. அதன் உள்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் புகை. இரண்டுக்கும் ஆக்சிஜன் வித்தியாசம் கூடினால் வோல்டேஜ் கூடும். பெட்ரோல் அதிகமாக எரியும்போது 0.8, 0.9 வோல்ட் வரை ஏறும், காற்று அதிகமானால் 0.1, 0.2-க்கு இறங்கும். பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இந்த வேலை நடக்கும். சீக்கிரம் சூடாக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது முதல் சென்சார். அது சொல்வதைக் கேட்டுத்தான் இசிஎம் (என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஓடும்போது அதன் வோல்டேஜ் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கிற காவல்காரன். அது 0.6, 0.7 பக்கம் பெரிதாக ஆடாமல் நின்றால் எல்லாம் நலம். சில வண்டிகளில் முன் சென்சார் வைட்பேண்ட் வகை. அதில் இந்த வோல்ட் கணக்கு செல்லாது, ஸ்கேனரில் லாம்டா எண்ணைத்தான் (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, சரியான கலவைக்கு 1) பார்க்க வேண்டும்.

"சைலன்சர் மாத்துற வரைக்கும் ஒண்ணுமில்ல. மறுநாளே சென்சார் போயிட்டுன்னு சொல்லுதாவ. புதுசு வாங்கிரட்டா?"

வாங்காதீர்கள். நேற்று வரை ஓடிய சென்சார் சைலன்சர் கழற்றிய அன்றைக்கே தானாகச் சாகுமா? கை பட்ட இடத்தில்தான் ஏதோ ஆகியிருக்கும். பைப் ஜாயிண்ட்டில் காற்று புகலாம், வயர் சூடான பைப்பில் படலாம், வயரை இணைக்கிற கப்ளர் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம், கழற்றும்போது சென்சார் சிமெண்ட் தரையில் விழுந்திருக்கலாம். இந்த நான்கில் சென்சாரே மாற்ற வேண்டியது கடைசிக்கு மட்டும்தான்.

போன வருடம் களக்காட்டிலிருந்து நயினார்குளம் மார்க்கெட்டுக்குத் தார் ஏற்றி வரும் வண்டி ஒன்று வந்தது. டிரைவர் புது சென்சாரைக் கையிலேயே வைத்திருந்தார், மாட்டிவிடச் சொல்லி. கீழே படுத்துப் பார்த்தேன். வயரைப் பிடிக்கிற கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. வயர் தொங்கி பெண்ட் பைப் மேல் படிந்திருந்தது. மேலுறை மெழுகாக உருகிப் பைப்பில் ஒட்டி, இரண்டு செப்பு இழை பளபளவென்று இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கருகிய துண்டை வெட்டி, ஒட்டுப்போட்டு, ஸ்லீவ் ஏற்றி, கிளிப் போட்டுக் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எலக்ட்ரிக்கல் சாமானைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களே. அந்தப் புது சென்சார் இன்னும் அவர் வண்டி டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது.

"ஸ்கேனர்ல பி0-ன்னு ஆரம்பிச்சு ஏதேதோ நம்பர் வருது. எதுக்கு எது?"

முதல் சென்சாருக்கு பி0130 முதல் பி0135 வரை, இரண்டாவதுக்கு பி0136 முதல் பி0141 வரை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பி0131 என்றால் முன் சென்சார் வோல்டேஜ் கீழேயே கிடக்கிறது, பி0132 என்றால் மேலேயே நிற்கிறது. பி0133 என்றால் ஆட்டம் மந்தம், பி0134 என்றால் ஆட்டமே இல்லை. பி0135 ஹீட்டர் சர்க்யூட். பின் சென்சாருக்கு இதே வரிசை: பி0137 கீழ், பி0138 மேல், பி0140 அசைவில்லை, பி0141 ஹீட்டர். இவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறவை பி0171 (கலவையில் காற்று அதிகம்), பி0172 (பெட்ரோல் அதிகம்), பி0420 (கன்வெர்ட்டர் வேலை போதவில்லை).

சைலன்சர் வேலைக்கு அப்புறம் பி0131-ம் பி0171-ம் ஜோடியாக வந்தால் நான் முதலில் லீக்கைத் தேடுவேன். பி0135 அல்லது பி0141 தனியாக வந்தால் வயரையும் ஃபியூஸையும் பார்ப்பேன். இது எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் பெரும்பாலும் ஏமாற்றியதில்லை.

"லீக் இருந்தா புகை வெளியதானே போகும்? காத்து எப்படி உள்ள வரும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் வல்லநாட்டுக்காரர் ஒருவர். நல்ல கேள்வி. பைப்பில் புகை ஒரே சீராக ஓடுவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்பும் கடந்து போன பிறகு அதன் பின்னால் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்த நொடியில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். துடிப்பு வரும்போது புகை வெளியே, இடைவெளியில் காற்று உள்ளே. ரயில் வேகமாகக் கடந்ததும் தண்டவாளத்துத் தூசி அதன் பின்னாலேயே ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அப்படி.

இரண்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டியில் இது இன்னும் மோசம். நான்கு சிலிண்டரைவிடத் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) அதைவிட அதிகம். உள்ளே வந்த காற்றை முன் சென்சார் பார்த்து "பெட்ரோல் குறைவு" என்று சொல்கிறது. பாவம், அதற்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இசிஎம் நம்பிக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும், ஸ்கேனரில் மட்டும் "லீன்" என்று நிற்கும். ஓட்டை முன் சென்சாருக்கு முன்னாலோ அதை ஒட்டியோ இருந்தால்தான் இந்தக் கூத்து. அதற்குப் பின்னால், பின் சென்சாருக்கு முன்னால் என்றால் பி0137 அல்லது பி0420 வரலாம். பின் சென்சாரையும் தாண்டி டெயில் பக்கம் லீக் என்றால் சத்தம்தான், கோடு வராது.

"காதுக்கு ஒரு சத்தமும் கேக்கல. லீக்கை எப்படிக் கண்டுபிடிக்க?"

விடியற்காலையில் என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். "டிக் டிக்" என்று மெல்லிய சத்தம் வந்து, சூடேறியதும் பைப் விரிந்து நின்றுவிடும். பகல் பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தால் எனக்கும் அது கேட்காது.

அடுத்து, என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, டெயில் பைப் வழியாகக் காற்று கொடுக்க வேண்டும். நான் ஊதுகிற பிளோயர் முனையில் பழைய பைக் டியூப் துண்டைச் சுற்றி டெயிலில் செருகுவேன். பிறகு மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியே வருகிற முதல் குழாய்), பிளேஞ்ச் (பைப்புகளைச் சேர்த்து முறுக்குகிற தட்டு), வெல்டிங் வரி, சென்சார் மாட்டுகிற நட்டு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர். குமிழி வந்தால் அகப்பட்டது. பிளேஞ்ச் ஓரத்தில் விசிறி மாதிரி கறுப்புக் கரி படிந்திருந்தால் சோப்புகூட வேண்டாம். உவரி, கூத்தங்குழிப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் உப்புக்காற்று பைப்பை அரித்துவிடும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், துருவே ஓட்டையை மறைத்துக்கொண்டிருக்கும்.

ஓடுகிற வண்டியின் டெயிலைத் துணியால் அடைத்துப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. ஒரு சில விநாடிக்கு மேல் வேண்டாம். அடைத்த ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள்.

"பி0135 வருது. மீட்டர் வச்சிருக்கேன். என்ன பார்க்கணும்?"

முதலில் ஃபியூஸ். உருகிய வயர் பைப்பைத் தொட்டால் ஃபியூஸ் போகும். ஒரே ஃபியூஸில் இரண்டு சென்சாரும் இருந்தால் பி0135-ம் பி0141-ம் சேர்ந்து வரும். இரண்டு ஹீட்டரும் ஒரே நாளில் சாவது அபூர்வம். அப்படி வந்தாலே ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள்.

அப்புறம் சென்சார் ஆறியிருக்கும்போது கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டு வயருக்கு நடுவே ஓம் பாருங்கள். பல சென்சார்களில் அவைதான் ஹீட்டர் வயர்கள். சில ஓம் முதல் பதினைந்து ஓம் பக்கம் வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, அப்போது சென்சார் வாங்குவது நியாயம். ஹீட்டர் நன்றாக இருந்தால், இக்னிஷன் போட்டு வண்டிப் பக்கக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். சில வண்டிகளில் என்ஜின் ஓடும்போதுதான் வரும். எர்த் பக்கத்தை இசிஎம் விட்டு விட்டுக் கொடுக்கும், அதனால் சாதாரண மீட்டரில் அது பாதி வோல்டேஜ் மாதிரி காட்டினால் பயப்பட வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் கப்ளர் பின்னில் பச்சை பூத்திருப்பதை இன்னும் பார்க்கிறேன். சைலன்சர்காரர் கழற்றுகிற வரை எப்படியோ ஓடியிருக்கும். ஆட்டிவிட்டதும் தொடர்பு போய்விடும். பழி பாவம் சைலன்சர்காரருக்கு.

"ரெண்டு கப்ளரும் ஒண்ணு போல இருக்கு. மாத்தி மாட்டியிருப்பாவளோ?"

வயர் எட்டுகிற வண்டியில் நடக்கும். முன் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். முதல் சென்சார் அளவு மாற வேண்டும். இரண்டாவது மாறினால் மாற்றித்தான் மாட்டியிருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் கோடை அழித்துவிடுங்கள், கழற்றியதற்கே ஒன்று பதிவாகியிருக்கும்.

"வெல்டிங் அடிச்சதுல சென்சார் போகுமா?"

போகும், இசிஎம்மும் போகலாம். பைப் வண்டியிலேயே இருக்கும்போது அடிப்பதாக இருந்தால் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும், இசிஎம் கப்ளரைக் கழற்ற வேண்டும், சென்சாரைப் பைப்பிலிருந்தே எடுத்துவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். சேசிஸின் மறுமுனையில் போட்டால் கரண்ட் தனக்குப் பிடித்த வழியில் போகும். முடிந்தால் பைப்பை இறக்கிவிட்டு வெளியே வைத்து அடிப்பதே நல்லது. சூடான பைப்பில் தண்ணீர் ஊற்றி ஆற்றுகிற பழக்கமும் வேண்டாம். தண்ணீர் தெறித்தால் சென்சார் பீங்கான் விரிசல் விடும்.

"வீடியோல பேங்க் 2, சென்சார் 1-ன்னு சொல்லுதான். எங்க வண்டில அது எங்க இருக்கு?"

இல்லை. அது வி வடிவ என்ஜின் மாதிரி, சிலிண்டர் இரண்டு வரிசையாக இருக்கிற வண்டிகளுக்கு. நம்முடையதில் சிலிண்டர் எல்லாம் ஒரே வரிசை, ஆகவே எல்லாம் பேங்க் 1.

"கேஸ்கட் கிடைக்கலைன்னு சிவப்பு பேஸ்ட் போட்டு முறுக்கினாவ. அதுல ஒண்ணும் ஆகாதே?"

ஆகும். சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டின் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதை அடைத்துவிடும். முதலில் பி0133 வரும், அப்புறம் செத்துப்போகும். சென்சாருக்குக் கெடுதல் செய்யாது என்று டியூபிலேயே போட்ட பேஸ்ட் தனியாக விற்கிறது. அதைவிடப் புது மெட்டல் கேஸ்கட் போடுவது மலிவு. பழைய கேஸ்கட்டைத் தட்டி நிமிர்த்தித் திரும்பப் போடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அது ஏற்கெனவே நசுங்கியது, மறுபடி அடைக்காது.

சென்சார் மரையில் போடுகிற பேஸ்ட் மரையில் மட்டும், முனையில் பொட்டுக்கூடப் படக்கூடாது. புது சென்சாரில் பெரும்பாலும் கம்பெனியே தடவி அனுப்பியிருக்கும். கப்ளருக்குள் கிரீஸ் வைப்பதும் வேண்டாம். பல சென்சார்கள் மேலே சொன்ன வெளிக்காற்றை வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கின்றன. அதனால்தான் அந்த வயரை ஈயம் வைத்துப் பற்றாமல் கிரிம்ப் செய்து ஒட்டச் சொல்கிறார்கள்.

"பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா லைட் போயிருதே. அது போதாதா?"

லைட் போகும், கோளாறு இருக்கும். இந்தக் கோடுகளில் பல, அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தப்பு தெரிந்தால்தான் லைட்டை எரிய வைக்கும். அதனால் அழித்த அன்று சுத்தமாக இருக்கும், மறுநாளோ அதற்கு மறுநாளோ வள்ளியூர் தாண்டும்போது மறுபடி எரியும். அழித்தால் இன்னொரு நஷ்டம்: கோடு பதிவானபோது ஆர்பிஎம், சூடு, டிரிம் (பெட்ரோலைக் கூட்டிக் குறைத்த அளவு) எல்லாம் எவ்வளவு என்று இசிஎம் எடுத்து வைத்த அளவும் போய்விடும். எனக்கு அதுதான் துப்பு. கடைக்கு வருவதற்கு முன்னால் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

உண்மையாகவே சரியாகிவிட்டால் தொடர்ந்து மூன்று ஓட்டம் நன்றாக இருந்ததும் லைட் தானே அணையும்.

"லோக்கல் சைலன்சர் போட்டோம், அதுல கன்வெர்ட்டரும் இல்ல, பின் சென்சாருக்கு ஓட்டையும் இல்ல. கட்டித் தொங்கவிட்டிருக்கு. என்ன செய்ய?"

காற்றில் தொங்கும் சென்சார் காற்றைத்தான் படிக்கும். பி0137-ஓ பி0140-ஓ கட்டாயம் வரும். ஓட்டை போட்டு நட்டு வெல்டிங் செய்து மாட்டினாலும் கன்வெர்ட்டர் இல்லாததால் பி0420 வரும். நீட்டு நட்டு வைத்து சென்சாரை ஏமாற்றலாம் என்பார்கள். நான் அதைச் செய்து கொடுப்பதில்லை.

சென்சாரை ஏமாற்றினாலும் புகை டெஸ்ட் மெஷினை ஏமாற்ற முடியாது. பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) முதல் வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சுமார் 2500 ஆர்பிஎம்மில் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே நிற்க வேண்டும். லீக் இருக்கிற பைப்பும் இந்த லாம்டாவில் மாட்டிக்கொள்ளும். கழற்றிய கன்வெர்ட்டரைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்குள் கேளுங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, வாங்குகிறவருக்கு அது தெரியும்.

"லீக் இல்ல, வயரும் சரி. ஆனா பி0171 போகல. இப்ப என்ன?"

இப்போது ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் பாருங்கள். இசிஎம் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது, குறைத்திருக்கிறது என்பது அது. ப்ளஸ் மைனஸ் பத்துக்குள் என்றால் கவலை இல்லை. 25 பக்கம் போனால் பல வண்டிகளில் கோடு விழும். ஐடிலில் டிரிம் அதிகமாக இருந்து, 2500-க்கு ஏற்றியதும் குறைந்தால் இன்டேக் (என்ஜினுக்குக் காற்று போகிற வழி) பக்கம் ஏதோ வேக்கம் ஹோஸ் கழன்றிருக்கிறது, அல்லது மேலே சொன்ன புகை லீக்கை நாம் தவறவிட்டிருக்கிறோம். ஏற்ற ஏற்ற டிரிம்மும் ஏறினால் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். சைலன்சர் வேலை அதே வாரத்தில் நடந்தது தற்செயல்.

இ20 பெட்ரோல்தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணமா என்றும் கேட்கிறார்கள். சுத்தப் பெட்ரோலுக்கு ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று, இ10-க்குச் சுமார் 14.1, இ20-க்குச் சுமார் 13.5. ஆக இ10-லிருந்து இ20-க்கு மாறினால் டிரிம் நான்கைந்து சதவீதம் ஏறலாம். அது மட்டுமே கோடைக் கொண்டு வராது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற வண்டியைத் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

கேஸ் வண்டி என்றால் பெட்ரோலிலும் கேஸிலும் தனித்தனியாக டிரிம் பாருங்கள். ஒன்றில் மட்டும் தப்பு என்றால் சைலன்சரையும் சென்சாரையும் விட்டுவிடலாம்.

"டீசல் வண்டிக்கும் இதே கணக்குதானா?"

இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசலில் புகைக்குழாயிலேயே டெம்பரேச்சர் சென்சார்கள், டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி) அழுத்தம் பார்க்கிற குழாய்கள், பல வண்டிகளில் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சார் எல்லாம் இருக்கும். இந்த வோல்ட் கணக்கை அங்கே போடாதீர்கள். பெரிய லாரி 24 வோல்ட், 12 வோல்ட் சாமானை வைத்துச் சோதிக்க வேண்டாம். நாக்ஸ் சென்சார் தன் பெட்டியோடு சேர்ந்தே வரும், அதற்கு நடுவே வயரை வெட்டி ஒட்டக்கூடாது. யூரியா ஊற்றுகிற வண்டியில் ஜாயிண்ட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதுதான் லீக்.

"எல்லாம் பார்த்தாச்சு, புது சென்சாரும் போட்டாச்சு. அதே கோடு திரும்ப வருது. உங்களுக்கு இப்படி ஆகியிருக்கா?"

ஆகியிருக்கிறது. சேரன்மகாதேவி வண்டி ஒன்று, பி0131. கப்ளரைக் கழற்றியதும் இசிஎம் பக்கம் வர வேண்டிய 0.45 வோல்ட் வந்தது, ஆகவே வயர் சரி என்று முடிவு கட்டி சென்சார் மாற்றினேன். பத்து நாளில் திரும்ப வந்தது. மலிவு சாமான் என்று நினைத்து வேறு கம்பெனி சென்சார் போட்டேன். மறுபடி வந்தது. சென்சாரைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. இன்டேக்கில் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்திருந்தால் வோல்டேஜ் 0.8-க்கு ஏறுகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மூன்றாவது தடவை அடித்துப் பார்த்தேன், பழைய சென்சாரும் ஏறியது, புதியதும் ஏறியது.

பைப்பை முழுக்க இறக்கினோம். பிளேஞ்ச்சின் பின்பக்கம், சேசிஸை ஒட்டிக் கை போகாத இடத்தில், வெல்டிங் வரியில் குண்டூசி முனை அளவு ஓட்டை. வண்டியில் இருக்கும்போது சோப்புத் தண்ணீரை அந்தப் பக்கம் நான் ஊற்றவே இல்லை. இரண்டாவது சென்சாரின் பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். முதலாவதுக்கு அவர் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.